வாய்க்குப் போடும் மார்க்

காட்பாடியில் ஏறினால் பாகாயத்தில் இறங்கலாம். வேலூர்க்காரர்களுக்குப் பழகிய டவுன் பஸ் தடம் இது. காட்பாடிப் பக்கம் பொறியியல் மாணவர்கள் டை கட்டிக்கொண்டு வேலைக்கான நேர்காணலுக்குக் காத்திருக்கும் அதே காலை நேரத்தில், பாகாயத்தில் இருக்கும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மனநல மையத்தில் ஏதோ ஒரு குடும்பம் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும். இரண்டு இடத்திலும் நடக்கும் வேலை ஒன்றுதான்: எதிரே இருப்பவர் எப்படிப்பட்ட ஆள் என்று அறிவது. அறியும் வழிதான் வேறு.

வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் எட்டுப் பத்துப் பேரை வட்டமாக உட்கார வைத்து ஒரு தலைப்பைக் கொடுக்கிறார்கள். நாடு முழுக்க இதுதான் வழக்கம். யார் முதலில் வாயைத் திறந்தார், யார் அதிகம் பேசினார், யார் முகத்தில் சிரிப்பு இருந்தது என்று குறித்துக்கொள்கிறார்கள். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மனநல டாக்டரோ, நோயாளி இன்று எவ்வளவு பேசுகிறார் என்பதோடு நிற்பதில்லை. கூட வந்த அம்மாவையோ மனைவியையோ பார்த்து, "இவர் முன்னாடி எப்படி இருப்பார்?" என்று கேட்கிறார். நோய் வருவதற்கு முன்பு இருந்த இயல்பை எழுத மனநல மருத்துவக் குறிப்பில் தனி இடமே உண்டு.

அந்தக் கேள்வியைக் கேட்காமலேயே இன்று ஊரெல்லாம் முத்திரை குத்திக்கொண்டிருக்கிறது. "என் பையன் எக்ஸ்ட்ரோவெர்ட், எங்கே விட்டாலும் பிழைத்துக்கொள்வான்" என்கிறார் ஒரு அப்பா. "பொண்ணு கொஞ்சம் இன்ட்ரோவெர்ட், அதான் யோசனையா இருக்கு" என்கிறார் மாப்பிள்ளை வீட்டுக்காரர். "நன்றாகப் படிக்கிறாள், ஆனால் வாயே திறக்கமாட்டேன் என்கிறாள்" என்று பெற்றோர் கூட்டத்தில் குறைப்படுகிறார் ஆசிரியை. கலகலப்பாகப் பேசுபவருக்குத் தைரியம், தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு, நல்ல மனசு எல்லாம் சேர்த்தே இருக்கும் என்பது இதற்கெல்லாம் அடியில் இருக்கும் எண்ணம். பேசாதவருக்கு இவற்றில் ஏதோ ஒன்று குறைகிறது என்பது அதன் மறுபக்கம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்ற பழைய சொல்லுக்கு ஆங்கிலச் சட்டை மாட்டி, அதையே விஞ்ஞானம் என்று விற்கிறார்கள். இந்த எண்ணம் தவறு. வெறும் கருத்துப் பிழை என்று விட்டுவிடவும் முடியாது. வேலையும் கல்யாணமும் சிகிச்சையும் இதனால் தடம் மாறுகின்றன.

சொல்லின் பொருளிலிருந்தே தொடங்கலாம். புறமுகம் (எக்ஸ்ட்ரோவெர்ஷன்), அகமுகம் (இன்ட்ரோவெர்ஷன்) என்ற பாகுபாட்டை உலகம் முழுக்கப் பரப்பியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யுங். அவருடைய உளவியல் வகைகள் நூல் 1921-இல் வந்தது. ஒருவரின் மனம் வெளியே இருக்கும் ஆட்கள், பொருள்கள், நிகழ்ச்சிகள் பக்கம் சாய்கிறதா, தன் உள்ளே எழும் எண்ணங்கள் பக்கம் சாய்கிறதா என்பதுதான் அவர் பார்த்தது. பேச்சுத் திறமை அவருடைய அளவுகோலாக இருக்கவில்லை. பிறகு உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க் அதை மூளையின் விழிப்பு நிலையோடு இணைத்துப் பார்த்தார். இன்று ஆய்வாளர்கள் பெரிதும் கையாளும் ஐந்து பண்புக் கோட்பாட்டில் புறமுகம் ஒரு பண்பு. அதன் உள்ளே ஆறு கூறுகளைப் பிரித்தார்கள் பால் கோஸ்டாவும் ராபர்ட் மெக்ரேயும்: ஒட்டுதல், கூட்டத்தை விரும்புதல், தன் கருத்தை நிலைநாட்டுதல், சுறுசுறுப்பு, பரபரப்பைத் தேடுதல், மகிழ்ச்சி உணர்வு. இந்த ஆறில் ஒன்றுகூடப் பேச்சுத் திறமை இல்லை. தைரியமும் இல்லை, நேர்மையும் இல்லை. உழைப்பு, ஒழுங்கு, பொறுப்பு ஆகியவை அதே கோட்பாட்டில் வேறொரு பண்பின் கணக்கில் வருகின்றன. இரக்கமும் விட்டுக்கொடுப்பும் இன்னொன்றின் கணக்கில்.

ரிச்சர்ட் லூகாஸ், எட் டீனர் முதலியோர் 39 நாடுகளின் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2000-இல் வெளியானது. புறமுகத்தின் மையம் கூட்டத்தோடு பழகும் ஆசையா, கிடைக்கக்கூடிய இன்பத்தை நோக்கி மனம் சட்டென்று எழுவதா என்று அவர்கள் சோதித்தார்கள். இரண்டாவதையே அவர்களுடைய முடிவுகள் மையமாகக் காட்டின. கூட்டம் இனிக்கும் இடத்தில்தான் புறமுகர் கூட்டத்தைத் தேடிப் போகிறார். அந்த ஆய்வை வைத்துப் பார்த்தால், தனியாக மலையேறுவதிலும் புதிய தொழிலில் பணம் போடுவதிலும் துள்ளி எழுகிற ஒருவர் விருந்தில் அதிகம் பேசாதவராக இருக்கலாம். அவரை எந்தக் கணக்கில் எழுதுவது?

தமிழ்நாட்டுக்குத் தெரிந்த உதாரணம் காமராஜர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தவர் அடுக்குமொழி பேசியவர் இல்லை. மேடைப் பேச்சுக்கு மயங்கிய ஒரு காலத்தில், கொஞ்சமாகவும் கொச்சையாகவும் பேசியவர். "பார்க்கலாம்" என்ற ஒற்றைச் சொல்லுக்கே பேர் போனவர். அதே மனிதர் ஊர் ஊராகச் சுற்றினார், முன்பின் தெரியாத விவசாயியிடம் நின்று விசாரித்தார், தொண்டர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். வாயை மட்டும் பார்ப்பவர் அவரை அகமுகர் என்பார். காலையும் கண்ணையும் பார்ப்பவர் அப்படிச் சொல்ல மாட்டார். பேச்சின் அளவும் மனிதர்களோடு இருக்கும் ஒட்டுதலும் தனித்தனிச் சரக்கு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அகம், புறம் என்று சங்க காலத்திலேயே தமிழன் மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிட்டான் என்று ஆளுமை வகுப்புகளில் பெருமையாகச் சொல்வதும் உண்டு. கேட்க இனிமையாக இருக்கிறது, ஆனால் உண்மை அப்படி இல்லை. அகமும் புறமும் பாடுபொருளின் பிரிவுகள். குறிஞ்சிப்பாட்டைத் தந்த கபிலர்தான் பாரியைப் பற்றிய புறப்பாடல்களையும் தந்தார். ஒரே மனிதருக்குள் இரண்டும் இருக்கும் என்பதைத்தான் அந்த மரபு காட்டுகிறது.

இன்றைய ஆய்வும் அங்கேதான் வந்து நிற்கிறது. மனிதர்களை அளந்து வரிசையாக நிறுத்தினால் இரண்டு முனைகளில் இருப்பவர்கள் கொஞ்சம், பெரும்பாலோர் நடுவில். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஃபிளீசன் ஒருவருடைய நடத்தையை ஒரு நாளில் பல முறை, பல நாள்கள் குறித்து வாங்கி 2001-இல் ஒரு முடிவை எழுதினார். ஒரே ஆள் ஒரு வாரத்துக்குள்ளேயே மிகவும் புறமுகமாகவும் மிகவும் அகமுகமாகவும் நடந்துகொள்கிறார். ஆனால் பல நாள்களின் சராசரியை எடுத்தால் அது அவருக்கு நிலையாக இருக்கிறது. பண்பு என்பது அந்தச் சராசரி. கால் மணி நேரம் பார்த்து அதைச் சொல்வது, ஆடியில் ஒரு நாள் பெய்த மழையைப் பார்த்து வேலூரின் தட்பவெப்பத்தை எழுதுவது போலத்தான்.

அந்தக் கால் மணி நேரத்திலும் தெரிவது எது?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வீட்டில் உருது பேசி வளர்ந்த பையன் தெருவில் கிரிக்கெட் ஆடும்போது ஒரு நிமிடம் வாயை மூடமாட்டான். கடையில் தமிழில் பேரம் பேசுவான். கல்லூரி வகுப்பில் ஆங்கிலம் என்றதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவனை இன்ட்ரோவெர்ட் என்று எழுதுகிறவர் அவன் இயல்பை அளக்கவில்லை. அவன் எந்த மொழியில் வளர்ந்தான் என்பதைத்தான் அளக்கிறார். டேனரியில் தலைமுறையாகத் தோல் சுமந்த குடும்பத்திலிருந்து முதல் பட்டதாரியாக வருபவர் அதிகாரிக்கு எதிரே அளந்து பேசுவார். முதலாளி முன்னால் வாயைக் கட்டிக்கொள்ள அவருடைய அப்பாவுக்கு ஊர் கற்றுக்கொடுத்த பாடம் அது. தன் சேரியில், தன் ஆட்களோடு அவர் எப்படி என்று யாரும் கேட்பதில்லை. ஷூ கம்பெனி பஸ்ஸில் காலையில் ஏறும் பெண்களைப் பாருங்கள். பஸ் கிளம்பி ஊர் எல்லை தாண்டுவதற்குள் பேச்சும் சிரிப்பும் ஜன்னல் வழியே வழியும். லைனில் உட்கார்ந்து தையல் மிஷினை ஓட்ட ஆரம்பித்ததும் அமைதி. சூப்பர்வைசருக்குத் தெரிந்தது அந்த அமைதி மட்டும்தான். இதில் இன்னொரு அநியாயமும் உண்டு: பையனிடம் இருந்தால் கலகலப்பு எனப் பாராட்டப்படுவது, பெண்ணிடம் இருந்தால் வாயாடித்தனம்.

பாகாயத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. 1946-இல் வேலூர் வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக் காட்டியவர். கைகள் நிமிர்ந்த பிறகும் அந்த மனிதர்களை ஊர் சேர்த்துக்கொள்ளவில்லை. வேலை கொடுக்க ஆள் இல்லை. அதனால்தான் 1950-களின் தொடக்கத்தில் பாகாயம் கல்லூரி வளாகத்திலேயே நவ ஜீவ நிலையம் உருவானது. குடிசைகளில் தங்கி, பொம்மை செய்வது போன்ற கைத்தொழில்களைப் பழகினார்கள். ஊர் ஒதுக்கிய தொழுநோயாளி மூலையில் ஒடுங்கிக் கிடந்திருப்பார். பார்த்தவர்கள் அதை அவருடைய சுபாவம் என்று எண்ணியிருக்கலாம். மூலையில் உட்கார வைத்தது ஊர். தள்ளி வைக்கப்பட்டவரின் மௌனத்துக்கும் தனிமையை விரும்புபவரின் மௌனத்துக்கும் வெளியே இருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். கூச்சமும் இப்படித்தான். கூச்சம் என்பது பிறர் என்ன நினைப்பார்களோ என்ற பயம். மனிதர்களோடு பழக ஆசைப்பட்டுக் கொண்டே பயப்படுகிறவர்களும் உண்டு. பயமே இல்லாமல், தனியாக இருப்பது பிடித்துத் தனியாக இருப்பவர்களும் உண்டு. முன்னவருக்கு உதவி வேண்டும். பின்னவரை விட்டுவிடுவதே உதவி.

"அதெல்லாம் சரி, வியாபாரத்துக்கு வாய் வேண்டாமா?" என்ற கேள்வி வரும். வரவேண்டிய கேள்விதான். மரே பாரிக்கும் மைக்கேல் மவுண்ட்டும் 117 ஆய்வுகளைத் திரட்டி 1991-இல் வெளியிட்ட அலசலில், விற்பனையிலும் மேலாளர் வேலையிலும் புறமுகம் ஓரளவு கைகொடுப்பது தெரிந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதே அலசலில் எல்லா வகை வேலைக்கும் கைகொடுத்தது வேறொன்று: பொறுப்புணர்ச்சி. தலைமைப் பண்பு பற்றித் திமதி ஜட்ஜ் குழுவினர் 2002-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இன்னும் கவனிக்க வேண்டியது. தலைவராகக் கண்ணில் படுவதற்கும் புறமுகத்துக்கும் உள்ள தொடர்பு 0.33. தலைவராகி நன்றாக வேலை செய்வதற்கும் அதற்கும் உள்ள தொடர்பு 0.24. அதாவது, கலகலப்பு நாற்காலி பிடிக்க உதவும் அளவுக்கு நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு உதவுவதில்லை.

விற்பனையிலேயே இன்னொரு கணக்கு இருக்கிறது. ஆடம் கிராண்ட் என்ற ஆய்வாளர் தொலைபேசியில் விற்கும் 340 பேரின் மூன்று மாத வருமானத்தைப் பார்த்தார். ஆய்வு 2013-இல் வந்தது. அதிகம் விற்றவர்கள் இரண்டுக்கும் நடுவில் இருந்தவர்கள். அகமுகர்களைவிட 24 சதவீதமும் புறமுகர்களைவிட 32 சதவீதமும் கூடுதல். ஓயாமல் பேசுபவருக்கு, வாங்க வந்தவர் என்ன கேட்கிறார் என்பது காதில் விழாது. ஐரோப்பாவிலிருந்து வரும் பையருக்குச் சாம்பிள் காட்டும் எந்த ஆம்பூர் மெர்ச்சன்டைசருக்கும் இது தெரியும். பையர் உதட்டைச் சுளித்த இடம் குதிகால் உயரமா, தோலின் நிறமா என்று பிடித்துக்கொள்பவருக்குத்தான் ஆர்டர்.

தோல் தொழிலின் இன்னொரு மூலைக்குப் போனால் வாய்க்கு வேலையே இல்லை. ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவில் ஒரு தோலை மேசையில் விரித்துப் போட்டவுடன் அனுபவசாலி வெட்ட ஆரம்பிப்பதில்லை. வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்க்கிறார். மாடு முள்வேலியில் உரசிய கீறல், உண்ணி கடித்த புள்ளி, தோல் உரித்தவர் கத்தி தவறிய தடம் எல்லாம் அப்போதுதான் தெரியும். விரலால் அழுத்தி எங்கே கெட்டி, எங்கே தளர்வு என்று பார்க்கிறார். இழுத்து எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்க்கிறார். முதுகும் பின்தொடையும் கெட்டியான இடம். ஷூவின் முன்பாகமான வேம்ப் அங்கிருந்து வர வேண்டும். வயிற்றுப் பக்கம் இளகிய தோல். கண்ணுக்குத் தெரியாத உள்துண்டுகளுக்கு அது போதும். இடது காலும் வலது காலும் ஒரே நிறத்தில், ஒரே ரேகையில் ஜோடி சேர வேண்டும். தோலை வெட்டும் அச்சை எங்கே வைப்பது என்பதில் ஒரு அங்குலம் தவறினால் தோல் வீண். இவரைக் குழு விவாதத்தில் உட்கார வைத்தால் என்ன மார்க் வரும்? அந்த மார்க்குக்கும் அவர் மிச்சம் பிடித்துக் கொடுக்கும் தோலுக்கும் என்ன சம்பந்தம்?

பேச்சு ஒரு திறமை. அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சும் நேர்காணலுக்கான தயாரிப்பும் இருக்கின்றன. நல்ல காரியம். கற்றுக்கொடுத்தால் வருகிறது என்றால் அது திறமை, நீச்சல் போல, டைப்ரைட்டிங் போல. நீச்சல் கற்றுக்கொண்டவரை மீன் பிறவி என்று யாரும் சொல்வதில்லை. தெருவுக்குத் தெரு இருக்கும் "ஆளுமை வளர்ச்சி" வகுப்புகள் இதைத்தான் குழப்புகின்றன. மேடையில் நிற்கப் பழக்குகிறோம் என்று சொல்லாமல், உன் சுபாவத்தையே மாற்றித் தருகிறோம் என்று காசு வாங்குகின்றன. 17 வயதுப் பெண் அங்கிருந்து இரண்டைச் சுமந்துகொண்டு வருகிறாள்: நாலு ஆங்கில வாக்கியம், தன் இயல்பே ஒரு நோய் என்ற எண்ணம். முதலாவது அவளுக்கு உதவும். இரண்டாவதை அவள் கரைக்க எத்தனை வருஷம் ஆகுமோ.

ஆளைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அதற்காக நீதிமன்றம் வரை போன கல்லூரி பாகாயத்திலேயே இருக்கிறது. எழுத்துத் தேர்வு மட்டும் போதாது, கிராமப்புற மருத்துவமனைகளில் சேவை செய்யும் மனம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பது சி.எம்.சி.யின் நிலைப்பாடு. தேர்வில் தேறியவர்களை வளாகத்துக்கு அழைத்து, நாள் கணக்கில் வைத்திருந்து, குழுப்பணிகளும் நேர்காணலும் நடத்துவது அதன் பழைய முறை. நீட் வந்தபோது 2017-இல், எம்.பி.பி.எஸ். 100 இடங்களில் ஒன்றை மட்டும் நிரப்பி 99 இடங்களை அது காலியாக விட்டது. 2020 ஏப்ரல் 29 அன்று உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரியா தவறா என்பது வேறு விவாதம். இங்கே எடுத்துக்கொள்ள வேண்டியது காலக்கணக்கை. ஒருவரின் இயல்பை அறிய நாள்கள் வேண்டும். முதல் நாள் ஒதுங்கி நின்றவர் மூன்றாம் நாள் அடுத்தவரின் சுமையைத் தூக்கிக்கொண்டு நடப்பது அப்போதுதான் கண்ணில் படும். அவ்வளவு நேரம் செலவழிக்க முடியாத கம்பெனி, இயல்பை அளந்ததாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்லிப் பார்க்கலாம். அது நேர்மையான வழி.

எதிர்ப்பக்கத்தில் இப்போது இன்னொரு மோகம் கிளம்பியிருக்கிறது. சூசன் கெய்னின் நூல் 2012-இல் வந்து அமைதியானவர்களுக்காக வாதாடியது. அதற்குப் பின்னால் வந்த ரீல்களும் மீம்களும் அகமுகர் என்றாலே ஆழமானவர், அறிவாளி, பொய் சொல்லாதவர் என்று பட்டம் கட்டுகின்றன. நிறைகுடம் தளும்பாது என்ற பழமொழியும் துணைக்கு வருகிறது. தளும்பாத குடம் காலிக் குடமாகவும் இருக்கலாம். சாவு வீட்டுக்குப் போகாததற்கும், சண்டை போட்ட தம்பியிடம் பேசாததற்கும் "நான் இன்ட்ரோவெர்ட்" என்று காரணம் சொல்வது, பண்பின் பேரைப் பொறுப்பிலிருந்து நழுவப் பயன்படுத்துவது. வாயாடிக்குப் பட்டம் கட்டியதில் இருந்த தவறுதான் மௌனிக்குப் பட்டம் கட்டுவதிலும் இருக்கிறது.

இந்தக் குழப்பத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்க்கத்தான் மறுபடியும் பஸ் பிடித்துப் பாகாயத்துக்கு வர வேண்டியிருக்கிறது. கனடாவிலிருந்து வந்த மனநல மருத்துவர் ஃபிளாரன்ஸ் நிக்கல்ஸ் தொடங்கிய மையம் அது. நோயாளியோடு குடும்பமும் தங்க வேண்டும் என்பது ஆரம்பத்திலிருந்தே அதன் வழக்கம். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்றால் ஆளை உள்ளே தள்ளிப் பூட்டுவது என்று நாடு நினைத்த காலத்தில், அங்கே அம்மாக்கள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். அம்ரித்சரில் மருத்துவர் வித்யாசாகர் 1950-களில் மனநல மருத்துவமனை வளாகத்தில் குடும்பங்களைக் கூடாரங்களில் தங்க வைத்ததும் இதே வழியில்தான். குடும்பம் உடன் இருப்பதால் கவனிப்பு கிடைக்கிறது. அதோடு, இந்த மனிதர் பத்து வருஷமாக எப்படி இருந்தார் என்று சொல்ல ஒரு வாய் கிடைக்கிறது.

ஏனென்றால் மனநோயில் பேச்சின் அளவைவிட அதில் வந்த மாற்றம்தான் அதிகம் சொல்லும். பிறந்ததிலிருந்து அளந்து பேசுபவர் அளந்து பேசினால் அது அவர். ஊரைக் கூட்டிச் சிரித்தவர் நாலு மாதமாகக் கதவைச் சாத்திக்கொண்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். எப்போதும் அடக்கமாக இருந்தவர் திடீரென்று இரவெல்லாம் தூங்காமல் பேசி, கையில் இருந்த பணத்தை வாரி இறைத்து, நாலு தொழில் ஆரம்பிக்கிறேன் என்றால் அது கிளர்ச்சி நோயின் தொடக்கமாக இருக்கலாம். முன்னதற்கு "இன்ட்ரோவெர்ட் ஆகிவிட்டான்" என்று பேர் வைக்கிறது வீடு. பின்னதற்கு "இப்பத்தான் பையன் கூச்சம் விட்டு எக்ஸ்ட்ரோவெர்ட் ஆனான்" என்று சந்தோஷப்படுகிறது. இரண்டிலும் சிகிச்சை தள்ளிப்போகிறது.

மனநலப் பிரிவுகளில் இப்படி ஒரு உரையாடல் எந்த நாளும் நடக்கக்கூடியது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தலை குனிந்த மகன். முன்னாடி எப்படி இருப்பான் என்று டாக்டர் கேட்பார். "முன்னாடியெல்லாம் வாசல்ல நாலு பசங்களோட நின்னு பேசிக்கிட்டே இருப்பான் டாக்டர். சாப்பிடக் கூப்பிட்டா வரமாட்டான். இப்ப ஆறு மாசமா ரூமை விட்டே வர்றதில்ல. காலேஜ்ல சொன்னாங்க, அவன் இன்ட்ரோவெர்ட் டைப்பு, கம்யூனிகேஷன் கிளாஸ் சேருங்கன்னு. அதுவும் சேர்த்தோம்." டாக்டர் ஆறு மாசம் என்பதை எழுதி, அடியில் ஒரு கோடு போட்டுவிட்டு, மகன் பக்கம் திரும்புவார். "ராத்திரி தூக்கம் எப்படிப்பா?"